முகம் தைக்காத ஹைறுன் ராத்தா

பாமசியில் உச்சி வெயில் நேரம். கூட்டம் கலைந்திருந்தது. ஒரு வயோதிபருக்குப் பிரஷர் மாத்திரைகளை எண்ணிக் கடதாசிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. ஹைறுன் ராத்தாவின் மகள் மஃறூபாவின் பெயரைக் கண்டதும் எடுக்கப் பயமாக இருந்தது. தாய்க்கு மூச்சு முட்டுகிறது என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். எடுத்தேன்.

"சாச்சி, உம்மா மௌத்தாகிட்டா."

அந்த நேரத்தில் நாம் சொல்லுகிற வார்த்தைகளைச் சொன்னேன். பிறகு அவள் கேட்டாள்.

"உம்மா சொல்லி வெச்சது நினைவிரிக்கா சாச்சி? நீங்கதான் வரணும். ஆட்டோ அனுப்பட்டா?"

"வேணாம் மகள். நான் வாறன்."

வாறன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் கையிலிருந்த பையை மறந்து நின்றேன். கிழவர் "என்ன மகள், மருந்து" என்றார். பையை அவர் கையில் திணித்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். கல்முனையிலிருந்து மருதமுனைக்கு ஆட்டோவில் அவ்வளவு தூரமில்லை. பாண்டிருப்பைத் தாண்டும்போதே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு ஹைறுன் ராத்தாவைத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துவதற்கு வருகிறவர் அவர். வேறு சிலருக்கு அவர் பொம்மை ராத்தா. துணியில் பொம்மை தைத்துத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர். அந்த இரண்டும் ஒரே வேலைதான் என்பது எங்களைப் போல் கொஞ்சப் பேருக்கே தெரியும். நாங்கள் அவரிடம் மையித்துக் குளிப்பாட்டப் பழகப் போய், பொம்மை தைக்கப் பழகிக்கொண்டு வந்தவர்கள். குளிப்பாட்டும் முறை எனக்குத் தலைகீழாகப் பாடம். எதற்குப் பிறகு எது, வலப்பக்கம் எப்போது, இடப்பக்கம் எப்போது, கட்டு எங்கெங்கே, எல்லாம் தெரியும். ஆனால் நான் குளிப்பாட்டியதும் கபன் உடுத்தியதும் துணிப் பொம்மைக்கு மட்டும்தான். உண்மையான மையித்தை, உயிர் போன ஓர் உடம்பை, தொட்டதே இல்லை. அன்றைக்குத் தொட வேண்டும். அதுவும் அவரை.

எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். பள்ளிவாசலுக்குப் பக்கத்து மதரசாவில், சனிக்கிழமை அசர்த் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கு ஜனாஸா வகுப்பு என்று அறிவித்தார்கள். எனக்குப் போகும் எண்ணம் கொஞ்சமும் இருக்கவில்லை. என் கணவரின் தங்கை பரீனாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எங்கே நாலு பெண்கள் கூடினாலும் அங்கே தானும் இருக்க வேண்டும் அவளுக்கு. ராத்தா வெள்ளைத் துணியை விரித்து, இலந்தை இலை, கற்பூரம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"சரி, ஆர் மையித்து?"

படுத்துக் காட்ட ஆள் வேண்டும் என்றார். எல்லோரும் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் மறைந்தோம். கடைசியில் புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு பிள்ளையைப் பரீனா தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல். அவளுடைய மாமியார் ராத்தாவின் வீட்டுப் படலையில் நின்று, என் மருமகளுக்கு என்ன செய்தாய் என்று பெருஞ்சண்டை. "ரெண்டு கட்டுத்தான் கட்டினன். மூணாவது கட்டக்குள்ள அவள் எழும்பி ஓடிட்டாள்" என்று ராத்தா பதில் சொன்னாராம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய பையோடு வந்தார். பைக்குள் இருந்து ஒரு துணிப் பொம்மையை எடுத்து விரிப்பில் கிடத்தினார். வெள்ளைத் துணி. நடக்கப் பழகிக் கொஞ்ச நாளான ஒரு குழந்தையின் உயரம். கை, கால், விரல்கள் எல்லாம் இருந்தன. முகம் மட்டும் இல்லை. வெறும் வெள்ளை. அவர் அதைக் குளிப்பாட்டுவது போல் பாவனை செய்து, வலப்பக்கம் சரித்து, இடப்பக்கம் சரித்து, கைகளை மடித்து நெஞ்சில் வைத்துக் காட்டினார். அந்தக் கை மடிந்த விதத்தில்தான் எங்கள் வகுப்புக் கெட்டுப்போனது. பரீனா குனிந்து பொம்மையின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ராத்தா, இது எப்பிடி வளையிது?"

"பஞ்சு வைக்கக்குள்ள இந்த இடத்தில விட்டுட்டு, குறுக்கால ஒரு தையல் போட்டன். மையித்துட கை மடிய வேணாமா கா?"

"முழங்காலும் அப்பிடித்தானா?"

அவ்வளவுதான். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். விரலை எப்படிப் புரட்டினீர்கள், உள்ளே என்ன வைத்தீர்கள், தலை ஏன் சாயவில்லை என்று ஆளுக்கொரு கேள்வி. கபன் துணி ஒரு மூலையில் கிடந்தது. ராத்தா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "மையித்துக்கு ஆள் சேர்க்க வந்தன். பொம்மைக்கு ஆள் சேர்ந்திட்டு" என்றார். அதைக் கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த சனிக்கிழமை எங்களுக்கென்று துணி வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய வீட்டு ஹோலில் கூடத் தொடங்கினோம். ஆளுக்கொரு காரணம். பரீனாவுக்கு வீட்டில் சேர்ந்து கிடந்த வெட்டுத்துணிகளை என்ன செய்வதென்று தெரியாத தொல்லை. ஒருத்தியின் கணவர் கட்டாரில். பின்னேரங்கள் அவளுக்கு நீண்டுபோய் இருந்தன. எனக்கு வேறு கதை. நாள் முழுக்க நான் கொடுப்பதை எல்லாம் மனிதர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்குவார்கள். மருந்தைச் சந்தோசமாக வாங்க யாரால் முடியும்? வாங்குகிற ஆள் சிரிக்கிற ஒரு பொருளை என் கையால் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இதை ராத்தாவிடம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முதலில் தைத்த என் பொம்மையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். ஒரு கால் நீளம், ஒரு கால் கட்டை. தலை நெஞ்சில் விழுந்து கிடந்தது. "உங்கட மகன் ஓதப் போகச் சொன்னா இப்பிடித்தான் நிப்பான் மச்சி" என்றாள் பரீனா. ராத்தா சிரிக்கவில்லை. பொம்மையை வாங்கிக் கழுத்தை இரண்டு விரலால் அமத்திப் பார்த்தார். "கழுத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்கப்படா புள்ள. வயித்துக்குக் குறைச்சாலும் பரவால்ல." துணியை உள்ளும் புறமும் புரட்ட அகப்பைக் காம்பு போதும் என்று காட்டித் தந்தார். பஞ்சை விரல் நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக வைக்க வேண்டும். அவசரப்பட்டு உருண்டையாகத் தள்ளினால் முடிச்சு முடிச்சாக நிற்கும். "பஞ்சைத் திணிக்காத. ஊட்டு" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்தே எங்கள் எல்லோருக்கும் கை திருந்தியது. தறி வைத்திருந்த வீடுகளில் மிஞ்சுகிற சாரன் துண்டுகள் எங்களுக்கு உடுப்பாகின. நூல் கழிவு தலைமயிரானது.

முகம் வைப்பதில் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. ஒருத்தியின் கணவர், மார்க்கத்தில் உருவம் செய்யக்கூடாது என்று வீட்டில் சத்தம் போட்டார். பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டோம். பிள்ளைகள் விளையாடத்தானே, பரவாயில்லை என்றார். அதன்பிறகு பரீனாவைப் பிடிக்க ஏலாது. அவளுடைய பொம்மைகள் எல்லாம் எதையோ கண்டு அதிர்ந்தது போல் முழித்துப் பார்க்கும். நான் கண்ணுக்குக் கறுப்பு நூலில் சின்னதாகப் பூத்தையல் போடுவேன். ராத்தாவின் பொம்மைகளுக்கு மட்டும் கடைசிவரை முகம் இல்லை. மார்க்கத்தில் பேணுதலான ஆள், அதனால்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆனால் ஒன்றை நான் கவனித்திருந்தேன். நாங்கள் கண் தைக்கத் தொடங்கினால் அவர் எழுந்து குசினிக்குப் போய்விடுவார். பிளேன்டீ ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தாலும் போவார். நாங்கள் முடித்து ஊசியைக் குத்தி வைத்த பிறகுதான் திரும்பி வருவார்.

காரணம் தெரிய வந்தது ஒரு மாரி காலத்தில். மதரசா அறையின் கூரை ஒழுகியது. பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவாக்குகிற கபூர் காக்கா அங்கிருந்த அலுமாரியை நகர்த்தப் போனார். கதவு திறந்துகொண்டது. உள்ளே, முந்தைய வகுப்பில் கபன் உடுத்திக் கட்டியபடியே நாங்கள் அவிழ்க்க மறந்துவிட்ட அந்த முதல் பொம்மை. வெள்ளைத் துணி, முறையாகப் போட்ட கட்டுகள், கற்பூரமும் அத்தரும் கலந்த வாசம். கபூர் காக்கா போட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. நான் போய்ச் சேர்ந்தபோது மதரசா வாசலில் ஊரே நின்றது. பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்மார் இரண்டு பேர் உள்ளே. பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். ஜும்ஆத் தொழுகைக்கு முன் அடக்கிவிடுவோம், ஊர் மானம் போகும் என்றார் மற்றவர். எவளோ பெற்றுப் போட்டுவிட்டாள் என்று படலையில் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஓர் ஆள் மையவாடியில் இடம் பார்க்கவே போய்விட்டார். கட்டை அவிழ்த்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. எனக்கும் பரீனாவுக்கும் அது என்னவென்று தெரியும். சொல்ல வாயைத் திறந்தோம். எங்கள் சத்தத்தை யார் கேட்டார்கள்? "பொம்புளைகள் எட்ட நில்லுங்க" என்று விரட்டினார்கள்.

குளிப்பாட்ட ஆள் வேண்டுமே என்று ராத்தாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் பையோடு வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. தரையில் அமர்ந்து, கால்மாட்டுக் கட்டை அவிழ்த்தார். துணிப் பாதம் வெளியே வந்தது. ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எங்கேயோ ஒரு சிரிப்புத் தொடங்கி, வாசல் வரைக்கும் பரவி, மரைக்கார்மாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார்கள். கபூர் காக்கா அப்படியே குந்திவிட்டார். ராத்தா பொம்மையைப் பையில் வைத்தார். ஒருவருக்கும் ஸலாம்கூடச் சொல்லாமல் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் செஞ்ச வேலை எண்டு எல்லாரும் கேட்டாங்க. ஆர்ட புள்ள எண்டு ஒருத்தரும் கேக்கல்ல, பாத்தியா?"

வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். சுனாமிக்கு அடுத்த நாள் அவர் தம்பியின் மனைவியைத் தேடிக்கொண்டு, மையித்துகளைக் கிடத்தியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். தம்பியின் மனைவி உயிரோடு வேறோர் ஊர் ஆசுப்பத்திரியில் இருந்தது பிறகுதான் தெரியும். அங்கே நடக்க மாட்டாமல் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை அவருடைய வாயாலேயே சொல்கிறேன். அன்றிலிருந்து அந்தச் சொற்கள் என் காதை விட்டுப் போகவில்லை.

"ஒரு ஆள் ஒரு பொம்புளப் புள்ளையத் தூக்கிட்டு வந்தார். என்னப் பாத்தார். என்ட மடியில வெச்சிட்டுப் போயிட்டார். நான்தான் உம்மா எண்டு நினைச்சிட்டார் போல. கூப்பிட்டுச் சொல்ல எனக்குச் சத்தம் வரல்ல. ஆராவது தேடி வருவாங்க எண்டு வெச்சிட்டு இருந்தன். பொழுது சாயப் போகுது, ஒருத்தரும் வரல்ல. குளிப்பாட்டாம அப்பிடியே கொண்டுபோய் அடக்கிட்டு இருந்தாங்க, அவங்களும் என்ன செய்ற? நான் அதுக்கு முந்தி மையித்தத் தொட்டவளே இல்ல. மாமிட மையித்துக்கே எட்ட நிண்டவள். ஒரு வாளித் தண்ணி கேட்டு வாங்கிக் குளிப்பாட்டினன். எது முந்தி எது பிந்தி எண்டு தெரியா. என்ட தொழுகைத் துணியக் கிழிச்சுச் சுத்தினன்."

பொம்மையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு நான் அளவெடுக்கல்ல புள்ள. கத்தரிக்கோல வெச்சன், அந்த அளவில வந்திட்டு. முகம் வெச்சா அந்த முகமும் வந்திரும். என்ட கைக்குத் தெரியும். அதுட உம்மா எங்கயாவது இருந்து, ஒரு நாள் இதக் கண்டா, அடையாளம் கண்டிருவா. அவ காணாமலே இருந்திட்டா எண்டாலும் எனக்குப் பயம். கண்டா எண்டாலும் பயம்."

அந்த முகத்தைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது தான் ஒருத்திதான் என்று அவர் நம்பினார். அதை ஒருவருக்கும் காட்டவும் முடியாது, அழிக்கவும் முடியாது. பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது.

"அந்தப் புள்ளைக்கு நான் தெரியாத கை. உம்மாட கை இல்ல, சாச்சிட கை இல்ல. கடைசியாத் தொட்டது ஒரு தெரியாத கை. அதுக்குப் பிறகுதான் நான் இந்த வேலையப் பழகினன். எங்கட ஊர்ல ஒரு பொம்புளையும் தெரியாத கையில போகப்படாது."

அவர் தைத்த பொம்மைகள் எங்கே போகின்றன என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு வெளித்தது. ஒரு வீட்டில் பெண்ணொருவர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், ராத்தா அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மையோடு போவார். பிள்ளையைச் சாட்டாக வைத்து உள்ளே போய், கட்டிலில் இருந்து, நோயாளியின் கையைப் பிடித்துக் கதைப்பார். தலை வாரிவிடுவார். காலுக்கு எண்ணெய் தடவுவார். திரும்பத் திரும்பப் போவார். அந்த உடம்புக்குத் தன் கையைப் பழக்கிவிடுவார். பிறகு நேரம் வந்து அவர் குளிப்பாட்டும்போது அது தெரிந்த கை. இதை அவர் ஒருவருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. எனக்குக்கூட அந்த ஒரு தடவைதான் சொன்னார்.

ஊர் சும்மா இருக்குமா? கொஞ்சக் காலத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "ராத்தா பொம்மையோட முன்னால வாறா, அஸ்றாயீல் பின்னால வாறார்" என்று, உயிரெடுக்க வருகிற வானவரைச் சொல்லி, ஒரு கதை கட்டிவிட்டார்கள். அவர் பையோடு தெருவில் நடந்தால் சில வீடுகளில் படலையைச் சாத்துவார்கள். ஒரு வீட்டில் பொம்மையை மதிலுக்கு மேலால் வெளியே எறிந்தார்கள். ராத்தா அதை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டு, அதே படலையை மறுபடியும் தட்டினார். அந்த வீட்டுப் பெரியவளை அவர்தான் பிறகு குளிப்பாட்டினார். எறிந்த ஆளே வந்து கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அந்த ஆளின் மேல் இன்றைக்கும் கோபம்தான். ராத்தாவுக்கு இருக்கவில்லை.

ஆகவே, ஒரு காலையில் ராத்தா என் வீட்டுக்குக் கையில் பொம்மையோடு வந்து நின்றபோது எனக்கு ஊர்க்கதைதான் நினைவுக்கு வந்தது. உள்ளே என் மாமி படுத்திருந்தார். வயதான ஆள், ஆனால் அன்றைக்கு இடியப்பம் கேட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஆள். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஆருக்கு ராத்தா?"

"என்ன புள்ள, நீயும் ஊராக்களோட சேர்ந்திட்டியா?" என்று சிரித்தார். "பயப்பிடாத. இந்த முறை ஆள் நான்தான்."

இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஒபரேசன் தாங்காதாம். அதை அரிசி விலை சொல்வது போல் சொன்னார். பிறகு பொம்மையை மேசையில் வைத்தார்.

"நீதான் வந்து என்னக் குளிப்பாட்டணும். மஃறூபா நிப்பாள், ஆனா உம்மா எண்டு உடைஞ்சிருவாள்."

"பரீனாவக் கேளுங்க ராத்தா. எனக்கு ஏலா. கை நடுங்கும்."

"நடுங்கட்டும். பரீனாக்குக் கைக்கு முந்தி வாய் வேலை செய்யும். நீ இப்ப கழுத்துக்குப் பஞ்சு கூட்டி வைக்கிற ஆள். என்ட தலையத் தொங்க விடமாட்டாய்."

நான் அழுதுவிட்டேன். அவர் என் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து, மேல் கை வரைக்கும் இழுத்தார், தடவிப் பார் என்பது போல். தோல் மெல்லியதாக, சூடாக இருந்தது. "வேற ஊர்லருந்து ஆளக் கூப்பிட்றாதங்க. பழகிக்க. இனி நீ செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் வந்தாப் போதாது" என்றார். அதன்பிறகு வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். தலை வாரினேன். கால் பிடித்தேன். நாங்கள் மையித்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பரீனாவின் பொம்மைகள் ஏன் இப்படி முழிக்கின்றன என்றுதான் அதிகம் கதைத்தோம்.

ஆட்டோ அவருடைய வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு இவ்வளவும் நினைவிருந்தது என்று சொன்னால் பொய். ஒன்றும் நினைவில்லை. பின்வளவில் சீலைகளால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் நிறைந்த வாளிகள், இலந்தை இலை, கற்பூரம். மஃறூபா ஒரு பக்கம். பரீனா வாளியோடு. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரீனா வாய் திறக்காமல் நின்றாள்.

தொட்டேன். குளிர்ந்திருந்தது. ஆனால் அந்தக் கையை நான் அறிவேன். மணிக்கட்டு, முழங்கை, தோள். என் கை தானாகவே போகத் தொடங்கியது. போர்வைக்குக் கீழால் துணி சுற்றிய கையால் சுத்தம் செய்தேன். மஃறூபா தேம்பிக்கொண்டே எனக்கு வேண்டியதை எடுத்துத் தந்தாள். இப்படியே முடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. தொழுகைக்கு முன் கழுவுவது போல் வுழூச் செய்விக்க வேண்டிய கட்டம் வந்தது. பரீனா தண்ணீரைச் சாய்த்தாள். நான் முகத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

அத்தனை வகுப்பிலும் நாங்கள் பழகியது முகமில்லாத பொம்மையில். அந்த இடத்தில் எப்போதும் வெறும் துணிதான். "இப்ப முகம்" என்று சொல்லிக்கொண்டு தடவிவிட்டுப் போய்விடுவோம். இங்கே ராத்தா இருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளங்கள். தைக்கும்போது இடுக்கிப் பார்த்துப் பார்த்து விழுந்த கோடுகள். மூக்கோரத்தில் சின்ன மச்சம். இந்த முகத்தோடு எத்தனை பின்னேரங்கள் கதைத்திருப்பேன், ஆனால் இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு அது என்னை விடாது. "மச்சி" என்றாள் பரீனா மெதுவாக. மஃறூபா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விலகினால் அவள்தான் செய்ய வேண்டும். அவளால் முடியாது என்று ராத்தா சொல்லியிருந்தார்.

நன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கழுவினேன். நெற்றி, கண், கன்னம், தாடை. கண்ணாடிப் பள்ளங்களை இரண்டு விரலால் தேய்த்தேன், தேய்த்தால் போய்விடும் என்பது போல. போகவில்லை. மறுகையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருந்தேன். தலை தொங்கவில்லை. முடியைப் பின்னி விட்டோம். கபன் உடுத்தினோம். அசருக்குப் பிறகு ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்வளவில் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

முகம் வைத்தால் அந்த முகம் வந்துவிடும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. இப்போது நான் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டு ஒரு பொம்மையின் வெள்ளை முகத்துக்கு முன்னால் உட்கார்ந்தால், ராத்தாவின் முகம் வருகிறது. பரீனாவுக்கும் அப்படித்தானாம், அவளுடைய பொம்மைகள் முழிப்பதை விட்டுவிட்டன. சில செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறோம். அந்தக் குழந்தையின் முகம் ராத்தாவோடு கபுறுக்குள் போய்விட்டது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. இனி அது உலகத்தில் ஒருவரிடமும் இல்லை.

போன மாதம் பள்ளிவாசலிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டார்கள். கடற்கரைப் பக்கம் வாடகைக்கு வந்திருந்த ஒரு குடும்பம். ஒலுவில் துறைமுகத்தில் தொழில் செய்ய வேறெங்கிருந்தோ வந்தவர்கள். மௌத்தானது ஓர் இளம் பெண். ஊரில் அவளை ஒருவருக்கும் தெரியாது. முன்கூட்டிப் போய்க் கையைப் பழக்க எனக்கு நாள் கிடைக்கவில்லை. மறைப்புக்குள் நுழைந்து அந்த முகத்தைக் கண்டதும் அவளுடைய தாயிடம் பெயரைக் கேட்டுக்கொண்டேன். பிறகு நான் செய்தது எந்த மார்க்கக் கிதாபிலும் இருக்காது. மௌலவிமார் யாராவது இதை வாசித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹைறுன் ராத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதை நான் விடமாட்டேன். குனிந்து, தொடுவதற்கு முன், அந்தப் பிள்ளையின் காதோடு சொன்னேன்:

"மகள், என்ட பேர் ஜெசீமா. நான் ஹைறுன் ராத்தாட ஆள். தொடட்டா?"